முதுகும் தெரியும் மேடை

நியூ ஜெர்சியில் எங்கள் எடிசன் பக்கத்து நண்பர்கள் யாராவது நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயில் மியூசிக்கல், அதாவது பாட்டும் ஆட்டமும் கலந்த நாடகம், பார்க்கக் கிளம்பினால் என்னிடம் ஒரு கேள்வி வரும்: "எந்த சீட் எடுக்கலாம்?" வழக்கமான அரங்கு என்றால் பதில் எளிது. நடுவாக, ரொம்ப முன்னாலும் இல்லாமல் ரொம்பப் பின்னாலும் இல்லாமல் எடுங்கள் என்று சொல்லிவிடலாம். போவது 'சர்க்கிள் இன் தி ஸ்கொயர்' அரங்குக்கு என்றால் மட்டும் எனக்குக் கொஞ்சம் நேரம் வேண்டும். அங்கே பெரும்பாலும் மேடை நடுவில் இருக்கும். நாம் அதைச் சுற்றி உட்காருகிறோம். நமக்கு முன்பக்கமாக இருப்பது எதிரே இருப்பவருக்குப் பின்பக்கம்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மன்ஹாட்டனில் 50-ஆம் தெரு, பிராட்வேக்கும் எட்டாவது அவென்யூவுக்கும் நடுவில். தெருமட்டத்துக்குக் கீழே இறங்கிப் போக வேண்டும். அதே கட்டடத்தில் மேலே இருப்பது கெர்ஷ்வின் அரங்கு. 2003 முதல் 'விக்கெட்' (Wicked) என்ற மியூசிக்கல் அங்கேதான் ஓடுகிறது, 1,900 பேருக்கு மேல் உட்காரலாம். கீழே இருப்பதில் எழுநூறை ஒட்டித்தான் இருக்கைகள். ஒவ்வொரு நாடகத்துக்கும் இருக்கைகளை மாற்றிப் போடுவார்கள் என்பதால் எண்ணிக்கை கூடும், குறையும். 1951-இல் கிரீன்விச் வில்லேஜில் சின்னதாக ஆரம்பித்த குழு இது. 1972-இல் இந்த இடத்துக்கு வந்தது. வாசலில் 'விக்கெட்' பார்க்க வந்த கூட்டத்தை விலக்கிக்கொண்டு கீழே இறங்கும்போதே வேறு எங்கோ போவது போல இருக்கும்.

நான் முதலில் அங்கே போனது 2015-இல், 'ஃபன் ஹோம்' பார்க்க. பிராட்வே நாடகங்களுக்குக் கொடுக்கும் பெரிய விருதான டோனியை, அந்த ஆண்டு சிறந்த மியூசிக்கலுக்காக வாங்கியது அதுதான். அலிசன் பெக்டெல் தன் அப்பாவைப் பற்றி வரைந்த சித்திர நினைவுக்குறிப்பிலிருந்து எடுத்த கதை. இசை ஜெனீன் டெசோரி, வசனமும் பாடல் வரிகளும் லிசா க்ரான். இருவருமே பெண்களாக இருந்த ஒரு ஜோடி இசைக்கான டோனியை வாங்கியது அதுதான் முதல் முறை. 2013-இல் நியூயார்க்கிலேயே பப்ளிக் தியேட்டர் என்ற அரங்கில் நடந்தபோது வழக்கம்போல ஒரு பக்க மேடையில்தான் இருந்தது. பிராட்வேக்கு வந்தபோது இயக்குநர் சாம் கோல்ட் அதை முழுக்கப் பிரித்து, சுற்றிலும் ஆட்கள் உட்காரும்படி புதிதாகக் கட்டினார். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அன்றைக்குத் தெரிந்தது ஒன்றுதான்: நல்ல காசு கொடுத்து டிக்கெட் வாங்கியிருக்கிறேன், அலிசனின் அம்மா முக்கியமான பாட்டைப் பாடும்போது எனக்குத் தெரிவது அவருடைய முதுகு.

மனம் கொஞ்சம் கசந்தது உண்மை. முகத்தைப் பார்க்கத்தானே வந்தோம் என்றுதான் முதலில் தோன்றியது. பாட்டு போகப் போக நான் அந்தக் கழுத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். வருடக்கணக்காக ஒரு பொய்யைத் தாங்கி வீட்டை நடத்திய பெண்ணின் பாட்டு அது. தோள் இறுகுவது, மூச்சு எடுக்கும்போது முதுகு விரிவது, ஒரு கை மட்டும் மடங்கி மடங்கிப் பிரிவது, இவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது. முகம் எதிர்ப்பக்கத்து ஆட்களுக்குப் போய்விட்டது. அந்த முகத்தில் என்ன இருந்தது என்பதை நான் எதிர்ப்பக்கத்து ஆட்களின் முகத்திலிருந்து தெரிந்துகொண்டேன். நடுத்தர வயதுக்காரர் ஒருவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்த பெண் கண்ணைத் துடைக்காமலே உட்கார்ந்திருந்தார்.

அதே நாடகத்தில் இன்னொன்றும் நடந்தது. பெரியவளான அலிசன் ஓவியராக மேடையிலேயே நின்று தன் சின்ன வயதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு காட்சியில் அவள் வந்து நின்றது எங்கள் பக்கத்து வழியில், எனக்கு நாலைந்து அடி தூரத்தில். சின்ன அலிசன் மேடை நடுவில் பாடிக்கொண்டிருந்தாள், பெரும்பாலான கண்கள் அங்கே இருந்தன. நான் பெரியவளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தன்னையே பார்க்கிற ஒருத்தியின் முகம் அது. அன்றைக்கு அது எங்கள் பக்கம் உட்கார்ந்திருந்த முப்பது நாற்பது பேருக்கு மட்டும் கிடைத்தது. எல்லோருக்கும் எல்லாமும் தெரியாது, ஆனால் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனியாக ஒரு பங்கு உண்டு என்று அன்றைக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு முதுகு தெரிகிறது என்று நான் வருத்தப்பட்டதே இல்லை.

சரி, சீட் விஷயத்துக்கு வருகிறேன். முதல் வரிசை என்றதும் எல்லோருக்கும் ஓர் ஆசை வரும். நானும் ஒருமுறை அதை எடுத்துப் பார்த்தேன். 2018 வசந்த காலத்தில், 'ஒன்ஸ் ஆன் திஸ் ஐலண்ட்'. லின் ஆரென்ஸும் ஸ்டீஃபன் ஃப்ளாஹர்ட்டியும் எழுதிய பழைய மியூசிக்கலை மைக்கேல் ஆர்டன் மறுபடி இயக்கியிருந்தார். அந்த ஆண்டு சிறந்த மியூசிக்கல் மறுஅரங்கேற்றத்துக்கான டோனி அதற்குத்தான். மேடை முழுக்க மணல் கொட்டியிருந்தார்கள். ஓரத்தில் தண்ணீர். நாங்கள் போய் உட்காரும்போதே நடிகர்கள் வெறுங்காலோடு மணலில் நடமாடிக்கொண்டிருந்தார்கள். கோழி இருந்தது. ஒரு ஆடு இருந்தது, நிஜ ஆடு. நான் பையை என் காலுக்குப் பக்கத்தில் வழியை ஒட்டி வைத்திருந்தேன். இருக்கை காட்டும் பெண் வந்து, "அதை மடியிலோ சீட்டுக்கு அடியிலோ வைத்துக்கொள்ளுங்கள், இந்த வழியில் ஓடி வருவார்கள்" என்று மெதுவாகச் சொன்னார். ஓடித்தான் வந்தார்கள். விளக்கு அணைந்த இருட்டில், என் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி இரண்டு பேர் ஓடியபோது காற்று என் முகத்தில் பட்டது. பை அங்கேயே இருந்திருந்தால் ஒருவர் கண்டிப்பாகத் தடுக்கி விழுந்திருப்பார். இப்போதெல்லாம் நான் சின்னத் தோள்பைதான் எடுத்துப் போகிறேன், குளிர்காலக் கோட்டைச் சுருட்டி மடியில் வைத்துக்கொள்கிறேன். காலை நீட்டுவதே இல்லை.

முதல் வரிசையில் வியர்வை தெரியும், மணலில் கால் புதையும் சத்தம் கேட்கும், நடிகர் நம் கண்ணைப் பார்த்துப் பாடுவார். அது ஒரு பாக்கியம்தான். ஆனால் ஆட்டம் தெரியாது. பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஆடும்போது எனக்கு அருகில் இருந்தவரின் தொடையும் முட்டியும்தான் தெரிந்தன. அவருக்குப் பின்னால் என்ன உருவாகிறது என்பதை எதிரே இருப்பவர்கள் வாய் பிளப்பதிலிருந்து ஊகிக்க வேண்டியிருந்தது. இந்த மாதிரிச் சின்ன அரங்கில் கடைசி வரிசையே வேறு அரங்கின் நல்ல சீட்டுக்குச் சமம். அதனால் முதல் முறை போகிறவர்களுக்கு நாலாவது ஐந்தாவது வரிசையைச் சொல்வேன். காசு மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் தாராளமாகப் பின்னால் போகலாம், கூச்சமே வேண்டாம். அன்றன்றைக்குக் கொடுக்கிற மலிவு டிக்கெட், குலுக்கலில் விழுகிற லாட்டரி டிக்கெட் என்று கிடைப்பதை இங்கே நம்பி எடுக்கலாம். பெரிய அரங்கில் அந்த விலைக்கு ஓரத்துத் தூணுக்குப் பின்னால் உட்கார வேண்டியிருக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: ஒவ்வொரு நாடகத்துக்கும் அமைப்பு மாறுவதால், போன தடவை உட்கார்ந்த நல்ல சீட்டின் எண்ணையே கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீர்கள். அந்த நாடகத்தின் இருக்கைப் படத்தைப் பாருங்கள். நடிகர்கள் வந்து போகக்கூடிய வழி எது என்று படத்திலேயே ஓரளவு தெரியும். அதை ஒட்டிய சீட்டில் அமர்ந்தால் அவர்கள் நம்மைத் தொடாத குறையாகப் போவார்கள். சிலருக்கு அது பிடிக்கும், சத்தத்துக்குப் பயப்படும் குழந்தையோடு போகிறவர்களுக்குப் பிடிக்காது.

ஆட்டம் அதிகமுள்ள நாடகம் என்றால் மேலே ஏறுங்கள். இதை நான் கற்றுக்கொண்டது வாஷிங்டனில். அங்கே அரீனா ஸ்டேஜ் என்ற அரங்கு 1950-இல் தொடங்கியது. ஜெல்டா ஃபிச்சாண்ட்லர் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர். நாலு பக்கமும் ஆட்கள் உட்காரும்படி 1961-இல் கட்டிய அரங்கு இன்றைக்கும் இருக்கிறது, ஃபிச்சாண்ட்லர் பெயரிலேயே, சுமார் 680 இருக்கைகளோடு. அதற்கும் முன்னால், 1947-இல் டாலஸில் மார்கோ ஜோன்ஸ் இப்படிச் சுற்றி உட்காரும் அரங்கைத் தொழில்முறையில் நடத்திக் காட்டியிருந்தார். 2019 டிசம்பரில் வர்ஜீனியாவில் இருக்கும் என் சித்தி மகள் அங்கே 'நியூஸீஸ்' பார்க்க அழைத்துப் போனாள். 1899-இல் நியூயார்க்கில் பேப்பர் விற்கும் பையன்கள் செய்த வேலைநிறுத்தம்தான் கதை. எங்களுக்குக் கிடைத்தது மேல் வரிசை. பையன்கள் நாலு மூலையிலிருந்தும் பாய்ந்து வந்து குறுக்கும் நெடுக்கும் ஆடியபோது, மார்கழி விடியலில் மாடியில் நின்று வாசல் புள்ளிக்கோலம் ஒவ்வொரு இழையாக உருவாவதைப் பார்க்கிற மாதிரி இருந்தது. புள்ளிகள் ஓடுகின்றன, கோடுகள் சேர்கின்றன, ஒரு நொடி முழு வடிவம், அடுத்த நொடி கலைந்துவிடுகிறது. ஒரு பக்க மேடையில் நடன அமைப்பாளர் நம்மை நோக்கி வரிசை வைப்பார். இங்கே அவருக்கு நாலு திசையும் முன்பக்கம். அந்த உழைப்பைப் பார்க்க உயரம் வேண்டும்.

சொற்கள் கொஞ்சம் தவறிப்போகும் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். நடிகர் திரும்பும்போது உதடு மறையும். மைக் இருப்பதால் குரல் கேட்கும், ஆனால் அது ஸ்பீக்கரிலிருந்து வருவதால், ஐந்தாறு பேர் சேர்ந்து பாடும்போது இப்போது யார் பாடுகிறார் என்று தேட வேண்டியிருக்கும். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. நான் போவதற்கு முந்தின வாரம் பாட்டுகளை இரண்டு முறை கேட்டுவிடுவேன், கதைச்சுருக்கத்தையும் படித்துவிடுவேன். ஆச்சரியம் போய்விடுமே என்று கேட்பார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. அரிச்சந்திரன் கதை தெரியாமல் யாரும் அரிச்சந்திரன் நாடகம் பார்க்கப் போனதில்லை.

நேரம் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். நாடகம் ஆரம்பித்த பிறகு வருபவரை இந்த மாதிரி அரங்கில் எளிதில் உள்ளே விட முடியாது. நாம் நடக்கிற வழிதான் நடிகர்கள் வருகிற வழி. சில மியூசிக்கல்களுக்கு இடைவேளையும் கிடையாது. 'ஃபன் ஹோம்', 'ஒன்ஸ் ஆன் திஸ் ஐலண்ட்' இரண்டுமே ஒரே மூச்சில் ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்பின்னாக முடிந்தவை. அரை மணி நேரம் முன்னதாகப் போய், கழிவறைக்குப் போய்விட்டு உட்காருவதுதான் நல்லது. முன்னதாகப் போனால் இன்னொரு லாபம், நாடகம் தொடங்கும் முன்பே மேடையில் ஏதாவது நடந்துகொண்டிருக்கும்.

போனை அணைத்துவிடுங்கள் என்று எல்லா அரங்கிலும் சொல்வார்கள். இங்கே அதன் அர்த்தமே வேறு. ஒருமுறை எனக்கு நேர் எதிரே ஒருவர் மணி பார்க்க போனை எடுத்தார். இரண்டு விநாடிதான் இருக்கும். மேடையில் ஒரு சாவு நடந்துகொண்டிருந்தது, அதற்குப் பின்னால் நீல வெளிச்சத்தில் ஒரு தாடை. எங்கள் பக்கத்தில் இருந்த அத்தனை பேரும் அந்தத் தாடையைத்தான் பார்த்தோம். நாம் ஒவ்வொருவரும் எதிரே இருப்பவருக்கு மேடையின் பின்திரை. அதனால் நான் பளீரென்ற வெள்ளை, ஜிகினா வைத்த துணி எதையும் அங்கே உடுத்துவதில்லை. மேடை விளக்கு நம் மேலும் சிந்தும். இருமல் மிட்டாயின் தாளைக்கூட முன்கூட்டியே பிரித்துக் கைக்குட்டையில் வைத்துக்கொள்வேன்.

2019 கோடையில் அதே சர்க்கிள் அரங்கில் டேனியல் ஃபிஷ் இயக்கிய 'ஒக்லஹோமா!' பார்த்தேன். முழு வட்டம் என்று அதைச் சொல்ல முடியாது, ஆனாலும் ஆட்கள் மேடையை நெருக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பகுதி நேரம் அரங்கின் விளக்கை அணைக்கவே இல்லை. இடைவேளையில் எல்லோருக்கும் சில்லி என்ற காரக் குழம்பும் சோள ரொட்டியும் கொடுத்தார்கள், பந்தி மாதிரி. ஒரே இடத்தில் சாப்பிட்டுவிட்டு, எதிரே யார் யார் என்று முகம் பழகிவிட்ட பிறகு, கடைசியில் கல்யாண வீட்டில் துப்பாக்கி வெடித்து வெள்ளை உடையில் ரத்தம் தெறித்தது. நான் மணப்பெண்ணைப் பார்த்தேன், உடனே எதிரே, சற்று முன்பு கிண்ணத்தோடு என்னைப் பார்த்துச் சிரித்த பெண்ணைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகு வந்த சந்தோஷப் பாட்டைக் கேட்கும்போது எங்கள் இருவராலும் தலை நிமிர முடியவில்லை. சாட்சியாக உட்கார்ந்திருப்பது என்றால் என்ன என்று எனக்கு உடம்பில் தெரிந்தது அன்றைக்குத்தான்.

அம்மாவை அழைத்துப் போன கதையைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது.

எங்கள் ஊர் வேதாரண்யம் பக்கம். 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் எங்கள் கரையில் ஏறியது. எங்கள் கொல்லையில் அறுபத்துச் சொச்சம் தென்னை நின்றது. விடிந்தபோது ஒன்பதுதான் மிச்சம். மாட்டுக்கொட்டகை பறந்துபோனது. வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அம்மா டிசம்பரில் இங்கே வருவதற்கு அதற்கு முன்பே டிக்கெட் எடுத்திருந்தோம். "இந்த நெலமையில நான் எப்படி வருவேன்" என்றார். தம்பிதான் கட்டாயப்படுத்தி அனுப்பினான். வந்தவர் ஒரு வாரம் சரியாகத் தூங்கவில்லை. இரவில் குளிர்காற்று ஜன்னலில் மோதினால் எழுந்து உட்கார்ந்துகொள்வார்.

'ஒன்ஸ் ஆன் திஸ் ஐலண்ட்' ஜனவரி 6-ஆம் தேதியோடு முடியப்போகிறது என்று தெரிந்தது. பாட்டு, ஆட்டம், ஆடு, கோழி, அம்மாவுக்குப் பிடிக்கும் என்று நினைத்து டிக்கெட் எடுத்துவிட்டேன். மூட்டுவலி என்பதால், படி அதிகம் ஏறி இறங்காத இடமாகக் கேட்டு வாங்கினேன். இதை யாருக்கும் சொல்வேன்: வரிசைகள் செங்குத்தாகப் படிப்படியாக இருக்கும், பெரியவர்களோடு போகும்போது டிக்கெட் எடுக்கும் இடத்திலேயே கேட்டுவிடுங்கள். எங்கள் பக்கத்து மெட்ரோபார்க் நிலையத்தில் ரயில் ஏறி, மன்ஹாட்டனின் பென் ஸ்டேஷன் வருவதற்குள் கதையைச் சொல்லி முடித்தேன். ஒரு தீவு. வெள்ளத்தில் தப்பி மரத்தில் சிக்கிக் கிடந்த ஒரு பெண் குழந்தை, பெயர் டி மூன். ஏழைகள் எடுத்து வளர்க்கிறார்கள். தண்ணீருக்கு ஒரு சாமி, பூமிக்கு ஒரு சாமி, காதலுக்கு ஒன்று, சாவுக்கு ஒன்று. அவள் ஒரு பணக்காரப் பையனைக் காப்பாற்றத் தன் உயிரையே பணயம் வைக்கிறாள். அவன் வேறொருத்தியைக் கட்டிக்கொள்கிறான். கடைசியில் சாமிகள் அவளை மரமாக்கிவிடுகின்றன.

நான் சொல்லாமல் விட்டது மேடையைப் பற்றி. உள்ளே போய் உட்கார்ந்ததும் அம்மா மணலைப் பார்த்தார், சிதறிக் கிடந்த சாமான்களைப் பார்த்தார். "பொயல் அடிச்ச ஊரு மாதிரியே வச்சிருக்காங்க" என்றார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அது புயல் அடித்த ஊரேதான். வசந்த காலத்தில் பார்த்தபோது அழகான மேடை அமைப்பு என்று நான் ரசித்தது, இப்போது அம்மாவின் கண் வழியாக வேறாக இருந்தது. "போயிடலாமாம்மா?" என்றேன். "இருடி, அந்த ஆட்டுக்குக் குளிராதா?" என்றார். பெரியவர்களை அழைத்துப் போகும்போது கதையை மட்டும் சொன்னால் போதாது, மேடையில் என்ன இருக்கும், இடிச்சத்தம் இருக்குமா, இருட்டாகுமா என்பதையும் சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை. இன்றைக்கும் அது எனக்கு உறுத்துகிறது.

இடி இடித்தது. ஒரு சின்னப் பெண் பயந்து அழுதாள். அவளைச் சமாதானப்படுத்த ஊர்க்காரர்கள் கதை சொல்ல ஆரம்பிக்கிறார்கள், அதுதான் நாடகத்தின் தொடக்கம். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். தன் கண்ணாடி வளையல் சத்தம் போடுகிறது என்று மறுகையால் அதை மேலே ஏற்றி அழுத்திக்கொண்டார், யாரும் சொல்லாமலே. ஊர்க்காரர்களாக நின்றவர்களில் நாலு பேர், கிடந்த துணியையும் பொருளையும் எடுத்து மேலே போட்டுக்கொண்டு சாமிகளாக மாறினார்கள். ஆங்கில விமர்சனங்கள் அந்த மாற்றத்தை விளக்க நிறைய எழுதியிருந்தன. அம்மாவுக்கு எந்த விளக்கமும் தேவைப்படவில்லை. "சாமி வந்துருச்சு அவங்களுக்கு" என்று என் காதில் சொன்னார். மாரியம்மன் திருவிழாவில், கரகாட்டத்தைச் சுற்றி வட்டமாக நின்ற கூட்டத்தில் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தவர். எதிரே நிற்கிற முகங்களும் சேர்ந்துதான் ஆட்டம் என்பது அவருக்குப் பழக்கம். நான்தான் டிக்கெட் வாங்கி முதுகைப் பார்த்து வருத்தப்பட்டு அதைக் கற்றுக்கொண்டேன்.

பாதி நாடகத்துக்கு மேல் அம்மா மேடையோடு சேர்த்து எதிர் வரிசையையும் பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்தேன். அங்கே வயதான பெண்மணி ஒருவர் இருந்தார், கறுப்பினத்தவர், தலையில் பூப்போட்ட துணி கட்டியிருந்தார். இடி வரும்போதெல்லாம் அவர் கண்ணை மூடிக்கொண்டார். டி மூன் மரமாக எழுந்தபோது அவர் எழுந்து நின்றுவிட்டார், பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார். அம்மா அழவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

நாடகம் முடிந்து மெதுவாக மேலே ஏறும்போது கூட்டம் அந்தப் பெண்மணியை எங்களுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து விட்டது. இருவரும் ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டுகொண்டார்கள். ஒன்றரை மணி நேரம் எதிரெதிரே உட்கார்ந்திருந்தவர்கள் அல்லவா. அவர் அம்மாவின் தோளில் கைவைத்து ஏதோ சொன்னார், சத்தத்தில் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அம்மா அந்தக் கையின் மேல் தன் கையை வைத்து "ஆமாம்மா, ஆமாம்மா" என்று தமிழில் சொன்னார். தெருவுக்கு வந்ததும் என்னிடம் கேட்டார்: "அந்தம்மா ஊர்லயும் பொயலா?"

"தெரியலைம்மா, இருக்கலாம்."

வீட்டுக்கு வந்து சேர இரவு பன்னிரண்டு ஆகிவிட்டது. ஊரில் அப்போது காலை. அம்மா ஸ்வெட்டரைக் கழற்றாமலே தம்பிக்குப் போன் போட்டார். மணல் கொட்டியிருந்தது, ஆடு நின்றது, எதிரே உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து நின்றார் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். அந்தப் பெண் மரமானதைச் சொல்லிவிட்டு ஒரு நொடி நிறுத்தி, "ஏண்டா, கெணத்தடி மூலைல சாஞ்சு நின்னுச்சே ஒரு மரம், அதுக்கு முட்டுக் குடுத்தியா?" என்று கேட்டார்.